லாக் புக்கை யார் படிக்கிறார்கள்?

ஆறாவது படிக்கும்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வேலை இருந்தது. அப்பாவுடைய லாக் புக்கை எழுதிக் கொடுப்பது.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் டிரைவர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். வாரம் முழுக்க சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் மீட்டர் எண்களைக் குறித்து வைத்திருப்பார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். என்னுடையது அப்போது முத்து முத்தாக இருக்கும் (இப்ப கேக்காதீங்க, செமஸ்டர் எக்ஸாம்ல எல்லாம் போச்சு). அதனால் அந்த நீள நோட்டு என் கைக்கு வந்துவிடும். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர் தொடக்கம், மீட்டர் முடிவு, ஓடிய கி.மீ., போட்ட டீசல், பயணத்தின் நோக்கம், அதிகாரியின் கையெழுத்து. நோக்கம் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே வார்த்தைதான்: ‘முகாம்’.

ஒரு நாள் கேட்டேன். “இத யாருப்பா படிப்பாங்க?”

“ஆடிட்டு வருவாங்கம்மா.”

“வந்து என்ன பாப்பாங்க?”

“கையெழுத்து இருக்கான்னு பாப்பாங்க.”

பல வருஷம் கழித்து, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு எமிஷன் வகுப்பில் சார் ஒரு விஷயம் சொன்னார். நூறு வண்டிகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் இரண்டே எண்கள் போதும். ஒவ்வொரு வண்டியும் எத்தனை கி.மீ. ஓடியது, எத்தனை லிட்டர் எரித்தது. பெஞ்சில் உட்கார்ந்து நான் சிரித்துவிட்டேன். இந்த இரண்டு எண்களையும் நான் ஆறாம் வகுப்பிலேயே எழுதியிருக்கிறேனே!

நம்ம ஊர் அரசு அலுவலகங்களில் இந்த எண்கள் இருக்கின்றன. தினமும் எழுதப்படுகின்றன, கையெழுத்தும் ஆகின்றன. பிறகு பீரோவுக்குள் போய்விடுகின்றன. நான் சொல்ல வருவது இதுதான்: அரசு வாகனங்களின் புகையைக் குறைக்க வேண்டுமென்றால் முதல் வேலை புது வண்டி வாங்குவது இல்லை. எழுதி வைத்திருப்பதைப் படிப்பது.

15 வருஷ விதி: பாதி விடை

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு மத்திய விதி நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை நிறுவனம், எதுவாக இருந்தாலும் சரி, அரசுக்குச் சொந்தமான வண்டிக்கு 15 வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ராணுவம், சட்டம் ஒழுங்கு போன்றவற்றுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. இந்த விதியால் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு வாகனங்கள் சாலையை விட்டுப் போகும் என்று அப்போது அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார்.

இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். காரணம் எளிது. பி.எஸ்-4 டீசல் கார் ஒரு கி.மீ.க்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்-6 விதியில் அது 4.5 மில்லிகிராம். அப்பா ஓட்டிய ஜீப் 2009 மாடல், பி.எஸ்-4க்கும் முந்தைய தலைமுறை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் இருக்கும் காம்பவுண்டு சுவர் கறுக்கும். அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர் எந்த அதிகாரியும் இல்லை, என் அப்பாதான். அந்த இருமலை வீட்டில் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. புகை வேறு, கார்பன் வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 2009 ஜீப்பில் எரித்தாலும் அதே 2.68, நேற்று வாங்கிய பளபள வண்டியில் எரித்தாலும் அதே 2.68. பில்டர் போட்டுத் துகளைப் பிடிக்கலாம். கார்பனைப் பிடிக்க சைலன்சரில் எந்த பில்டரும் இல்லை. லிட்டர் குறைந்தால்தான் கார்பன் குறையும்.

லிட்டர் குறைந்ததா? அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதற்குப் பிறகு அரசு அலுவலக வாசல்களில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டிகள். உள்ளே போவது ஒரு அதிகாரி, ஒரு டிரைவர், சில நாள் ஒரு ஃபைல் கட்டு. என்ஜின் தொழில்நுட்பம் முன்னேறியதில் மிச்சமானதை வண்டியின் எடை தின்றுவிடுகிறது.

இன்னொன்று, இது நம்ம டிபார்ட்மென்ட்காரர்களுக்குப் பிடிக்கும். பி.எஸ்-6 டீசல் வண்டியில் துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற பில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு சைலன்சர் நன்றாகச் சூடாக வேண்டும், அதாவது வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். அலுவலகத்திலிருந்து இரண்டு கி.மீ. போய், ஒரு மணி நேரம் ஏ.சி.யில் நின்று, திரும்ப இரண்டு கி.மீ. வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடையாது. பில்டர் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எந்த வண்டியை எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்று பார்க்காமல் வாங்கினால் நல்ல தொழில்நுட்பமும் ஒர்க்‌ஷாப்பில்தான் போய் நிற்கும்.

நிற்கும் வண்டியின் கணக்கு

ஒரு திங்கட்கிழமை அப்பாவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன், பள்ளி லீவு நாள். திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் எல்லாத் துறை அதிகாரிகளும் வருவார்கள். ஆளுக்கொரு வண்டி. மரத்தடியில் இடம் பிடித்த டிரைவர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வெயிலில் மாட்டிக்கொண்ட வண்டிகள் என்ஜின் ஓட ஓட நின்றன. டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. “சார் எப்பம் வேணா வெளிய வருவாரு. வரும்போது வண்டி கூலா இருக்கணும்லா” என்றார் ஒருவர்.

ஏ.சி. போட்டு நிற்கும் டீசல் வண்டி ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் எரிக்கும். இதை வைத்து ஒரு உதாரணக் கணக்கு போடுவோம்.

ஒரு வண்டி மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது. லிட்டருக்கு 11 கி.மீ. என்றால் 136 லிட்டர். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்ஜின் ஓட நிற்கிறது என்றால் இன்னும் 50 லிட்டர். மொத்தம் 186 லிட்டர், சுமார் 500 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் 134 கிலோ, அதாவது கால் பங்குக்கும் மேல், ஒரு அடிகூட நகராமல் எரித்தது!

புது வண்டி வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு ரூபாய் செலவு வேண்டாம். கால் பங்கு கார்பன் போயிற்று. தேவை ஒரு நிழல் பார்க்கிங், டிரைவர்கள் உட்கார மின்விசிறி போட்ட ஒரு அறை, ‘வண்டி பத்து நிமிஷம் சூடா இருந்தா பரவாயில்லை’ என்று நினைக்கும் ஒரு அதிகாரி. மூன்றாவதுதான் கஷ்டம்.

இதில் லாக் புக்கின் குறையும் தெரிகிறது. அதில் நின்ற நேரத்துக்குக் கட்டமே இல்லை. நிற்கும்போது எரிந்த டீசலும் டேங்க்கில் குறைந்ததுதானே? கணக்கு டேலி ஆக வேண்டும். கட்டம் இல்லாததால் அது எங்கேயாவது கி.மீ.யாக மாறித்தான் ஆக வேண்டும். எப்படி மாறும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதே மாநிலத்தில், இதே அரசின் பஸ் டெப்போவுக்குப் போய்ப் பாருங்கள். கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கி.மீ., என்பது அங்கே தினசரிப் பேச்சு. எந்த பஸ் குறைவாகக் கொடுக்கிறது, எந்த டிரைவர் நன்றாக எடுக்கிறார் என்று டெப்போவுக்குத் தெரியும். பஸ்ஸுக்குப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு ஜீப்புக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் குறையும் வண்டிகள்

2024இல் அப்பாவின் ஜீப்புக்கு 15 வயது முடிந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். பணிமனைச் சான்று, கழிவு செய்யும் உத்தரவு, ஏலம் என்று ஃபைல் நகர வேண்டும். நான் கடைசியாகப் பார்த்தபோது நாலு டயரும் தரையோடு படிந்திருந்தன, சீட்டுக்குள் அணில் கூடு.

புது ஜீப் வரவில்லை. ‘அரசுப் பணி’ என்று போர்டு மாட்டிய வாடகைக் கார் ஒன்று வந்தது. அதற்குத் தனி டிரைவர், தனியார் ஆள். அப்பாவை நாற்பது கி.மீ. தள்ளி இன்னொரு ஆபீஸுக்கு மாற்று டிரைவராகப் போட்டார்கள். இப்போது தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார், வண்டி ஓட்டுவதற்கு!

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. கணக்கைப் பாருங்கள். அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரு அரசு வண்டி குறைந்துவிட்டது. அந்த ஜீப் எரித்த டீசலும் கணக்கிலிருந்து போய்விட்டது. காகிதத்தில் பார்த்தால் உமிழ்வு பூஜ்யம்! ஆனால் அதே ரோட்டில் அதே ‘முகாம்’ போக ஒரு டீசல் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் லிட்டர் யார் கணக்கில்? அலுவலகம் தருவது மாத வாடகை, டீசல் போடுவது வண்டிக்காரர். புகைக்கு ஓனரே இல்லை.

அரசு எத்தனை வண்டி வைத்திருக்கிறது என்ற கேள்வி இதனால்தான் போதாது. அரசு வேலைக்காக எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதே சரியான கேள்வி. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, வானத்துக்கு வித்தியாசம் தெரியாது.

“எல்லாத்தையும் எலெக்ட்ரிக் ஆக்கிட்டா?”

ஹாஸ்டலில் இதைப் பேசினால் அடுத்த நிமிஷம் வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஏற்கெனவே ஒரு தடவை பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

2017இல் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் அரசுத் துறைகளுக்காக 10,000 எலெக்ட்ரிக் கார்களுக்கு டெண்டர் விட்டது. டாடா மோட்டார்ஸும் மஹிந்திராவும் எடுத்தன. டிகோர், இ-வெரிட்டோ என்ற இரண்டு கார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், அரசு முன்னால் போனால் மக்கள் பின்னால் வருவார்கள் என்ற யோசனை நல்ல யோசனைதான். ஆனால் 2018இலேயே டெல்லி அதிகாரிகள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள், ஒரு சார்ஜில் 80 கி.மீ. தாண்டுவதே கஷ்டம் என்று. ஆரம்பத்தில் வந்த டிகோரில் பேட்டரி 16 யூனிட் அளவுதான். ஏ.சி., டெல்லி டிராஃபிக், போதாததற்கு சார்ஜ் போட இடம் இல்லை. 10,000 என்ற இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

காரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். நான் கேட்பது வேறு. கார் வாங்கும் முன், எந்தத் துறையின் எந்த வண்டி ஒரு நாளைக்கு 50 கி.மீ.க்குள் ஓடுகிறது, எது 150 ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்திருந்தால்? 50 ஓடும் வண்டிக்கு அந்தச் சின்ன பேட்டரியே தாராளமாகப் போதும். அந்தப் பட்டியல் எங்கே இருந்தது? லாக் புக்கில்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத்திய அரசு பெருநகரப் பகுதிகளுக்கு வாங்கும் சிறிய ரக வாகனங்களில் 75 சதவீதம் மாற்று எரிபொருளில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. துறைகள் வாங்கித் தள்ளின. பெட்ரோலிலும் ஓடும், 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ-85லும் ஓடும் வண்டிகள். இலக்கு நிறைவேறியது. ஆனால் இ-85 கிடைக்கும் பங்க் பல இடங்களில் இல்லை. அதனால் வண்டிகள் பெரும்பாலும் சாதா பெட்ரோலிலேயே ஓடின! பிறகு 2005இல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது, மாற்று எரிபொருள் வண்டி வைத்திருந்தால் அந்த எரிபொருளையே போட வேண்டும், கிடைக்காத இடம் என்றால் விலக்கு வாங்க வேண்டும் என்று. வாங்கியதை எண்ணினார்கள், எரித்ததை எண்ணவில்லை. பாடம் அதுதான்.

அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு தன் வாகனங்களின் எண்ணிக்கை, ஓடிய தூரம், எரித்த எரிபொருள் ஆகியவற்றைத் துறைவாரியாக அறிக்கையாக வெளியிட்டு வந்திருக்கிறது. எந்த வண்டி உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று துறைகள் கணக்குக் காட்ட ஒரு முறையும் வைத்திருக்கிறது. 2021இல் பைடன் எலெக்ட்ரிக் இலக்கு வைத்து ஒரு உத்தரவு போட்டார், 2025 ஜனவரியில் டிரம்ப் அதை ரத்து செய்தார். கொள்கை வரும், போகும். கணக்கு இருந்தால், யார் வந்து என்ன மாறியது என்று நாம் பார்க்கலாம்.

எப்போது சார்ஜ் போடுகிறோம்?

எலெக்ட்ரிக் வண்டியைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தையும் பேச வேண்டும். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. நிலக்கரி நம்மை விட்டு இன்னும் போகவில்லை.

மேலே சொன்ன 1,500 கி.மீ. வண்டியையே எலெக்ட்ரிக்காக நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் இழப்போடு கி.மீ.க்கு 0.18 யூனிட் என்றால் 270 யூனிட். நின்றபடி ஏ.சி. ஓட மணிக்கு ஒரு யூனிட் வீதம் 50 யூனிட். மொத்தம் 320 யூனிட், சுமார் 225 கிலோ. டீசலின் 500 கிலோவோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. நல்ல லாபம். ஆனால் பூஜ்யம் இல்லை.

பஸ்ஸில் கணக்கு இன்னும் இறுக்கம். டீசல் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் கி.மீ.க்கு 0.67 கிலோ. எலெக்ட்ரிக் பஸ் கி.மீ.க்கு ஒரு யூனிட் எடுத்தால் 0.7 கிலோ. அப்படியானால் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து கிளம்பிய 120 எலெக்ட்ரிக் பஸ்களால் என்ன பயன்? பயன் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நம்ம மூக்குக்கு நேரே வரும் கரும்புகை இல்லை. டீசலைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் கார்பனை நான் மேலே சேர்க்கவே இல்லை. முக்கியமாக, கிரிட் வருஷா வருஷம் சுத்தமாகலாம், டீசல் என்றைக்கும் அதே 2.68தான்.

ஆனால் அந்த பஸ் எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது என்பது முக்கியம். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, பகலில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸுக்குப் பகலில் நிற்க நேரம் குறைவு. ஆபீஸ் வண்டிக்கு? மத்தியானம் முழுக்க நிற்பதுதான் அதன் வேலையே!

அதே வண்டி ஒரு நாளைக்குச் சராசரி 60 கி.மீ. ஓடுகிறது, அதற்கு வேண்டியது 11 யூனிட்டுக்குள். 3 கிலோவாட் சோலார் பேனல் நம்ம வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். ஆபீஸ் மாடியில் சுமார் 300 சதுர அடி இடம் போதும். அதே பேனலை பார்க்கிங்குக்குக் கூரையாகப் போட்டால் வண்டிக்கு நிழலும் ஆச்சு. நிழல் இருந்தால் ஏ.சி. போட்டு நிற்கவும் வேண்டாம். இதை மினி புராஜெக்ட்டாகக்கூட நம்மால் டிசைன் பண்ண முடியும்.

அப்பாவின் எதிர்க்கேள்வி

இதையெல்லாம் உற்சாகமாக அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

“எம்மா, வெள்ளத்துல கரண்டு இருந்துச்சா? அப்பம் ஒன் கரண்டு வண்டி என்னத்த செய்யும்?”

2023 டிசம்பர் 17, 18. எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. எங்கள் ஊரில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. அப்பா மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கழிவுக்குப் போக வேண்டிய 14 வயசு ஜீப்தான் தண்ணீருக்குள் உறுமிக்கொண்டு பால் பாக்கெட்டும் அரிசியும் கொண்டுபோனது. அன்றைக்கு அந்தக் கரும்புகையைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். அப்பா சொன்னது சரி, ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானது இல்லை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி வண்டி என்று நினைப்பதுதான் தவறு. வெள்ளத்துக்குப் போகும் வண்டி டீசலில் இருக்கட்டும், நல்ல நிலையில், நாலு துறைக்கும் பொதுவாக, எப்போதும் தயாராக. தினமும் ஆபீஸுக்கும் கலெக்டரேட்டுக்கும் போய்வரும் வண்டி எலெக்ட்ரிக் ஆகட்டும். மாதம் 300 கி.மீ.கூட ஓடாத வண்டியைப் பக்கத்து ஆபீஸோடு பகிரலாம். அப்பாவே ஒரு தடவை சொன்னார், “ஒரே நாளுல நாலு ஆபீஸு ஜீப்பு ஒரே ஊருக்குப் போவும். முன்னாடி பின்னாடி போவோம், பாத்துக் கையாட்டிக்கிடுவோம்.” நாலு வண்டியும் போக வேண்டியதில்லை என்பது நாலு டிரைவருக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நாலு லாக் புக்கும் நாலு பீரோவில் இருக்கிறது.

அப்பாவின் இரண்டாவது பயத்தையும் மறைக்கக் கூடாது. “வண்டி கொறஞ்சா டிரைவர் போஸ்ட்டும் கொறையும்லா?” சென்னையின் எலெக்ட்ரிக் பஸ்களில் கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழக ஊழியர், டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அப்பாவின் பயம் கற்பனை இல்லை. சுற்றுச்சூழல் பேசும் நாம் இதைத் தாண்டிப் போய்விட முடியாது. பூமியைக் காப்பாற்றும் திட்டத்தின் முதல் பில் மாதச் சம்பள டிரைவரிடம் போனால், அந்தத் திட்டத்துக்கு அவர் ஏன் ஒத்துழைக்க வேண்டும்? வண்டிகளைப் பொதுவாக்கும்போது அதை நடத்த ஆள் வேண்டும். எந்த வண்டி எங்கே போகிறது என்று பார்க்க, சார்ஜிங்கைக் கவனிக்க, பராமரிப்பைச் சரிபார்க்க. முப்பது வருஷம் வண்டியோடு இருந்த டிரைவரைவிட அதற்குத் தகுதியான ஆள் யார்? அவருக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுங்கள்.

கேட்பது நாலே நாலு

ஒன்று. ஒவ்வொரு அரசு வண்டிக்கும் மாதத்துக்கு நாலு எண்களை வெளியிடுங்கள்: ஓடிய கி.மீ., எரித்த லிட்டர் அல்லது யூனிட், என்ஜின் ஓட நின்ற நேரம், பராமரிப்புச் செலவு. அதிகாரி பெயர் வேண்டாம், போன இடம்கூட வேண்டாம். எண் போதும்.

இரண்டு. வாடகை வண்டியையும் அதே பட்டியலில் சேருங்கள். ஒப்பந்தத்தில் லிட்டர் கணக்கு கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்று. புது வண்டி கேட்கும் துறை, முதலில் பழைய வண்டியின் ஒரு வருஷக் கணக்கைக் காட்டட்டும். அதைப் பார்த்து வண்டியின் அளவையும் எரிபொருளையும் முடிவு செய்யுங்கள். அதிகாரியின் பதவியைப் பார்த்து இல்லை.

நாலு. இதில் மிச்சமாகும் டீசல் பணத்தில் ஒரு பங்கு டிரைவர்களின் பயிற்சிக்கும், ஓய்வறைக்கும் போகட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை புராஜெக்ட் ‘ஸ்மார்ட்’ என்று ஆரம்பித்து லேப் ஷெல்ஃபில் தூசி படிகிறது? லாக் புக் பக்கத்தை போட்டோ எடுத்தால் எண்களைப் படித்து அட்டவணையாக்கும் ஒரு ஆப், தமிழில், டிரைவர் பயன்படுத்தும்படி செய்ய நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு செமஸ்டர் போதும். ஆரம்பிக்க அரசு ஆபீஸ் வரைக்கும் போக வேண்டாம். நம்ம காலேஜ் பஸ் ஷெட்டுக்குப் போய் டிரைவர் அண்ணன்களிடம் கேளுங்கள், “அண்ணா, நம்ம பஸ் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” அவர்களுக்குத் தெரியும். இதுவரை நாம் யாரும் கேட்டதில்லை.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பா புது ஆபீஸின் லாக் புக்கை நீட்டினார். “எழுதித் தாரியா?” எழுதினேன். எழுதி முடித்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் போட்டேன். அந்த மாதத்தின் மொத்த லிட்டர், அதை 2.68ஆல் பெருக்கிய எண்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது என்னதும்மா?”

“இந்த வண்டி விட்ட கார்பன்ப்பா. கிலோவுல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இவ்வளவா?” என்றார்.

அந்த நோட்டை முதல் தடவையாக ஒருத்தர் படித்தார்.